மூன்று வேர்களில் நிற்கும் ஒரு வினை: ஆங்கில ‘பி’யின் பிறப்பும் பொருளும்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் எல்லோரும் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வெர்’ என்ற வரிசையை ஒப்பிக்கிறார்கள். இவை ஒரே வினையின் வடிவங்கள் என்றும், அந்த வினை ‘பி’ என்றும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஒலியிலும் எழுத்திலும் ஒட்டாத இந்தச் சொற்கள் எப்படி ஒரே வினையாகும் என்று ஒரு பிள்ளை கேட்டால், “அது அப்படித்தான், மனப்பாடம் செய்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இந்தக் கேள்விக்குச் சரியான விடை உண்டு. இருநூறு ஆண்டுகளாக மொழி ஆய்வாளர்கள் அதைத் தேடித் தந்திருக்கிறார்கள். வகுப்பறைக்குள் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

சாதாரண ஆங்கில வினைக்கு ஐந்துக்கு மேல் வடிவங்கள் இல்லை. ‘எழுது’ என்னும் பொருளுடைய வினையை எடுத்துக்கொண்டால் ‘ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங்’ என்பதோடு முடிந்துவிடும். ‘பி’க்கு எட்டு உண்டு: பி, பீயிங், பீன், ஆம், இஸ், ஆர், வாஸ், வெர். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் வினையும் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத் தரவகத்தின் கணக்கில், ‘தி’ என்னும் சுட்டுச்சொல்லுக்கு அடுத்த இடம் ‘பி’க்கு.

இந்த வினையைப் பற்றிய கேள்விகள் மூன்று. இதன் வடிவங்கள் எங்கிருந்து வந்தன? இதற்குப் பொருள் ஒன்றா, பலவா? இத்தனை ஒழுங்கின்மை ஆயிரம் ஆண்டுகளாக எப்படி நிலைத்தது? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இங்கே நாம் ஒழுங்கின்மை என்று நினைப்பது, முன்பு தனித்தனியாக நின்ற கருத்துகள் ஒரே வினைக்குள் வந்து சேர்ந்ததன் பதிவு.

ஒப்பியலின் தொடக்கம்

1786இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய காரணம் வினையடிகளிலும் இலக்கண வடிவங்களிலும் இருந்த ஒற்றுமை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1816இல், ஜெர்மானியரான ஃபிரான்ஸ் பாப் சமஸ்கிருத வினைத்திரிபுகளைக் கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், ஜெர்மானிய மொழிகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். ‘இருத்தல்’ வினைக்கு அதில் முதன்மையான இடம் உண்டு. பிற வினைகளின் விகுதிகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது என்று பாப் நம்பினார். பின்வந்தோர் அந்த நம்பிக்கையின் பெரும்பகுதியைக் கைவிட்டனர். வினை வடிவங்களை வரிசையாக வைத்து ஒப்பிடும் அவருடைய முறை மட்டும் நிலைத்தது.

அதே 1816இல் சென்னையில் எஃப். டபிள்யூ. எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்பதைக் கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில் நிறுவினார். இரு மொழிக் குடும்பங்களின் எல்லைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தெளிவானது நமக்கும் பயன்படுகிறது. தமிழில் ‘ஆம்’ என்றால் ‘ஆகும்’ என்று பொருள்; ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்றால் ‘இருக்கிறேன்’ என்று பொருள். ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதால் இரண்டும் உறவு என்று சொல்லிவிட முடியாது. தமிழ்ச் சொல் ‘ஆகு’ என்னும் அடியிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. தற்செயலான ஒலியொப்புமையை ஒதுக்கிவிட்டு, வடிவங்களின் முழு வரிசையையும் ஒப்பிடுவதே சொல்வரலாற்றின் முதல் பாடம்.

முதல் வேர்: உளதாதல்

‘ஆம்’, ‘இஸ்’ ஆகிய இரண்டும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘எஸ்’ என்னும் அடியிலிருந்து வந்தவை. ‘உள்ளது’ என்பது அதன் பொருள். சமஸ்கிருதத்தில் ‘இருக்கிறேன்’ என்பது ‘அஸ்மி’, ‘இருக்கிறது’ என்பது ‘அஸ்தி’, ‘இருக்கிறார்கள்’ என்பது ‘ஸந்தி’. இலத்தீனில் ‘அது இருக்கிறது’ என்பது ‘எஸ்ட்’, ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பது ‘சுன்ட்’. ஜெர்மன் மொழியில் இவை ‘இஸ்ட்’, ‘சிண்ட்’. ஒருமையில் அடியின் உயிரெழுத்து நிற்பதும் பன்மையில் அது மறைவதும் கங்கைச் சமவெளியிலிருந்து ரைன் நதிவரை ஒன்றுபோலவே நிகழ்ந்திருக்கின்றன. இவ்வளவு நுட்பமான ஒற்றுமை தற்செயலாக அமையாது.

‘ஆம்’ என்னும் குட்டிச் சொல்லுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தன்மை ஒருமைக்கு உரிய ‘மி’ என்னும் பழைய விகுதியின் மிச்சம் அதன் இறுதி மகரமெய். அஸ்மியின் ‘மி’யும் அதுவும் ஒன்றே. இன்றைய பொது ஆங்கிலத்தில் வேறு எந்த வினையிலும் இந்த விகுதி இல்லை.

இந்த அடி வடமொழி வழியே தமிழிலும் நெடுநாளாக வழங்குகிறது. ‘உண்டு’ என்பவன் ஆத்திகன், ‘இல்லை’ என்பவன் நாத்திகன். இரண்டு சொற்களிலும் உள்ளது ‘அஸ்தி’. உள்ளது எதுவோ அது ‘சத்’; அதிலிருந்து வந்தது ‘சத்தியம்’. ‘உண்மை’ என்ற தமிழ்ச் சொல்லும் ‘உள்’ என்பதன் வழியே உளதாதலையே குறிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். உள்ளதே உண்மை என்னும் எண்ணம் உறவில்லாத இரு மொழிக் குடும்பங்களிலும் தனித்தனியே சொல் வடிவம் பெற்றிருக்கிறது. ஆங்கிலத்தின் பழஞ்சொல்லான ‘சூத்’தும் அப்படித்தான். உண்மை என்று பொருள்படும் அது ‘சத்’தின் உறவுச் சொல்.

இரண்டாம் வேர்: முளைத்தலும் ஆதலும்

‘பி’, ‘பீன்’, ‘பீயிங்’ ஆகியவற்றின் வேர் வேறு. மூச்சொலி கலந்த பகரத்தில் தொடங்கும் ‘பூ’ என்னும் அடி அது. வளர்தல், தோன்றுதல், ஆதல் என்பன அதன் பொருள்கள். சமஸ்கிருத ‘பவதி’யும் (ஆகிறது) ‘பூத’மும் (ஆனது) இதன் வழியின. கிரேக்கத்தில் இது ‘வளர்தல்’ என்ற பொருளைக் காத்தது; இயற்கையைக் குறிக்கும் ‘ஃபூசிஸ்’ அதிலிருந்து பிறந்தது. ‘ஃபிசிக்ஸ்’ என்ற பாடத்தின் பெயர் அதன் வழி வந்தது. இலத்தீனில் இவ்வடி இருத்தல் வினையின் இறந்தகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ஆகப்போவது’ என்று பொருள்படும் இலத்தீன் எச்சத்திலிருந்து வந்ததே ஆங்கில ‘ஃபியூச்சர்’. சொல்முதலில் மூச்சொலி கலந்த பகரம் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஃபகரமாகவும் ஜெர்மானிய மொழிகளில் வெறும் பகரமாகவும் மாறியது. அந்த ஜெர்மானிய ஒலிமாற்றத்தை 1822இல் விதியாக வகுத்தவர் யாக்கப் கிரிம்.

ஜெர்மானிய மொழிகளில் இந்த அடிக்கு ‘குடியிருத்தல்’ என்ற கிளைப்பொருளும் உண்டு. அருகில் குடியிருப்பவரான ‘நெய்பர்’, வீட்டில் குடியிருந்து அதை ஆள்பவரான ‘ஹஸ்பண்ட்’ ஆகிய இரண்டிலும் உள்ளது அதுவே. நாம் அன்றாடம் சொல்லும் ‘சம்பவம்’, ‘அனுபவம்’, ‘பூதம்’ ஆகியவையும் வடமொழி வழியாக இந்த அடியிலிருந்து வந்தவை.

மூன்றாம் வேர்: தங்குதல்

‘வாஸ்’, ‘வெர்’ இரண்டும் ‘வெஸ்’ என்னும் அடியின் வழி வந்தவை. தங்குதல், இரவு கழித்தல், வாழ்தல் என்பன அதன் பொருள்கள். சமஸ்கிருத ‘வஸதி’ (வசிக்கிறான்) இதன் நேர் உறவு. ஆகவே ‘வசித்தல்’, ‘வாசம் செய்தல்’, ‘வாஸ்து’ என்று நாம் சொல்லும்போது ஆங்கில இறந்தகாலத்தின் உறவினரையே சொல்கிறோம். ‘அங்கே தங்கினான்’ என்பது மெல்ல ‘அங்கே இருந்தான்’ ஆகி, பின்னர் வெறும் ‘இருந்தான்’ ஆயிற்று.

ஒருமையில் ‘வாஸ்’ என்று சகரம் ஒலிக்க, பன்மையில் ‘வெர்’ என்று ரகரம் வருவது ஏன்? இதை விளக்கியவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். பழைய ஜெர்மானிய இறந்தகாலத்தில் ஒருமையில் அழுத்தம் அடியின்மீது விழுந்தது. பன்மையில் விகுதியின்மீது விழுந்தது. அழுத்தம் முன்னால் இல்லாத இடத்தில் சகரம் அதிர்வொலியாகி, பிற்காலத்தில் ரகரமாயிற்று. அந்தப் பழைய அழுத்தம் எங்கே விழுந்தது என்பதற்கு வெர்னர் கண்ட சான்று வேதகால சமஸ்கிருதத்தின் சுரக் குறிகள். 1877இல் அச்சான அவருடைய கட்டுரை, ஒலிமாற்றத்தில் காரணமில்லாத விதிவிலக்கு இல்லை என்ற நம்பிக்கைக்கு வலுவான அடித்தளம் தந்தது. ஜெர்மன் மொழி பிற்காலத்தில் ஒருமை, பன்மை இரண்டையும் ரகரத்தால் சமப்படுத்திவிட்டது. ஆங்கிலம் பழைய வேறுபாட்டை இன்றும் காத்து வருகிறது.

எஞ்சியிருப்பது ‘ஆர்’. இதன் மூலம் பற்றி இரு கருத்துகள் உள்ளன. முதல் வேரின் பன்மை வடிவமே ஒலி மாறி இப்படி ஆயிற்று என்பர் ஒரு சாரார். எழுதல், நகர்தல் என்னும் பொருளுடைய தனி வேரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். வேர்கள் மூன்றா நான்கா என்ற கேள்வி இதனால் முடிவாகவில்லை. குறைந்தது மூன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஒரு காலத்தில் இரண்டு நிகழ்காலங்கள்

இந்த வினையின் வரலாற்றில் நான் மிகுதியும் மதிக்கும் பகுதி பழைய ஆங்கிலக் காலம். அன்று ‘இருத்தல்’ வினைக்கு இரண்டு முழு நிகழ்கால வரிசைகள் இருந்தன. ஒன்று ‘எயோம், எயார்ட், இஸ், சிந்த்’ என்பது. மற்றொன்று ‘பேயோ, பிஸ்ட், பித், பேயோத்’ என்பது. இறந்தகாலத்துக்கு இரண்டும் ‘வாஸ்’ வரிசையையே துணைக்குக் கொண்டன.

இரண்டுக்கும் வேலை வேறு. இப்போது, இங்கே உள்ள நிலையைச் சொல்ல முதல் வரிசை வந்தது. எப்போதும் உண்மையாக இருப்பது, வழக்கமாக நடப்பது, இனி வரப்போவது ஆகியவற்றைச் சொல்ல இரண்டாம் வரிசை வந்தது. ‘இன்று குளிராக இருக்கிறது’ என்பதற்கு முதல் வரிசை பொருந்தும். ‘பனிக்காலம் குளிரானது’ என்பதற்கு இரண்டாவது பொருந்தும். உளதாதலும் ஆதலும் வேறு வேறு என்ற மூல மொழியின் உணர்வு இங்கே இலக்கணமாகவே நின்றது. விதிவிலக்கின்றி எல்லா ஏடுகளிலும் இந்த வேறுபாடு காக்கப்படவில்லை. ஆயினும் போக்கு தெளிவானது.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இரண்டு வரிசைகளும் கலந்தன. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் ‘எரு’வை (இருக்கிறார்கள்) கொண்டுவந்தனர். அது வட வட்டார வழக்கில் ஏற்கெனவே இருந்த ‘இயரன்’ வடிவத்துக்கு வலுவூட்டியது. அதன் வழித்தோன்றலான ‘ஆர்’ தெற்கே பரவி, ‘சிந்த்’தின் இடத்தை நிரப்பியது. தெற்கில் பன்மைக்கு ‘பி’ என்றே சொல்லும் வழக்கு 16ஆம் நூற்றாண்டிலும் நிலவியது. அதிகாரத்தில் இருப்போரைக் குறிக்கும் ‘தி பவர்ஸ் தட் பி’ என்னும் மரபுத்தொடரில் அந்தப் பன்மை இன்றும் உறைந்து நிற்கிறது. முன்னிலை ஒருமைக்கு உரிய ‘ஆர்ட்’, ‘தவ்’ என்னும் சொல்லோடு சேர்ந்து வழக்கிழந்தது. ‘யூ’ ஒருமைக்கும் பொதுவானபோது 18ஆம் நூற்றாண்டில் பலர் ‘யூ வாஸ்’ என்று எழுதினர். ஒருமைக்கு ஒருமை வினை என்ற நியாயம் அதில் இருந்தது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் அதைப் பிழை என்றார். ‘யூ வெர்’ நிலைபெற்றது.

துணைவினையாகப் பெருகிய வேலை

தனி வினையாகச் சுருங்கிய ‘பி’ துணைவினையாக விரிந்தது. செயப்பாட்டுவினைக்கு அது பழங்காலம் முதலே துணை. தொடர் நிகழ்காலம் பிற்காலத்தில் அதைக்கொண்டே வளர்ந்தது. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே சொல்லிவந்தனர். அந்த நூற்றாண்டின் இறுதியில் ‘இஸ் பீயிங் பில்ட்’ என்ற புது அமைப்பு பரவியபோது, ஒரே வினை இருமுறை வருவது பொருளற்றது என்று பலர் சினந்தனர். அமெரிக்கரான ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் இதைக் கண்டித்தார். அவர் சீறிய அமைப்பு இன்று பள்ளிப் பாடம். மறுபுறம், ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு ‘ஹி இஸ் கம்’ என்ற பழைய வழக்கு ‘ஹேவ்’ வினைக்கு இடம்விட்டு ஒதுங்கியது. ‘ஹி இஸ் கான்’ என்பதில் மட்டும் அதன் தடம் உண்டு.

பொருள் ஒன்றா, பலவா?

வடிவங்கள் கலந்ததைவிட, பொருள்கள் கலந்ததுதான் அறிஞர்களை அதிகம் வருத்தியது. ‘இஸ்’ என்னும் ஒரே சொல் ‘கடவுள் உண்டு’ என்பதற்கும், ‘கடவுள் நல்லவர்’ என்பதற்கும், ‘பெட்டி மேசைமேல் இருக்கிறது’ என்பதற்கும் வரும். 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில், எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் வேலையையும் இருப்பைச் சொல்லும் வேலையையும் பிரித்தறியாததால் மெய்ப்பொருள் ஆராய்ச்சியில் வீண் குழப்பங்கள் பிறந்தன என்றார். 1892இல் கோட்லோப் ஃபிரேக, ‘விடிவெள்ளி ஒரு கோள்’ என்பதும் ‘விடிவெள்ளி சுக்கிரன்தான்’ என்பதும் வெவ்வேறு வகைக் கூற்றுகள் என்று காட்டினார். முன்னது ஒரு பண்பை ஏற்றுகிறது. பின்னது இரண்டும் ஒன்று என்கிறது. இந்த இரு வேறு கருத்துகளுக்கு மனிதர்கள் ஒரே சொல்லைத் தேர்ந்தது மானுடத்துக்கே இழுக்கு என்னும் அளவுக்கு பெர்ட்ரண்ட் ரசல் 1919இல் கடிந்தார். 1965இல் டேவிட் பூர்லண்ட் என்பவர் ‘பி’யின் எல்லா வடிவங்களையும் விலக்கிய ஆங்கிலத்தையே முன்மொழிந்தார்.

மனித மொழிகள் எல்லாவற்றுக்கும் உரிய குறை அல்ல இது. ஸ்பானிய மொழியில் இரண்டு வினைகள் உண்டு. இயல்பைச் சொல்வது ஒன்று. நிலையைச் சொல்வது மற்றொன்று. பின்னது ‘நிற்றல்’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ரஷ்ய மொழி நிகழ்காலத்தில் இணைப்பு வினையே இல்லாமல் பேசும். தமிழும் அப்படியே, ‘அவர் ஆசிரியர்’ என்பது நிறைவான வாக்கியம். எழுவாய் ஏற்கும் பயனிலைகளைத் தொல்காப்பியம் ஆறாகப் பகுக்கிறது. அவற்றில் உளதாதலைச் சொல்லும் ‘பொருண்மை சுட்டல்’ ஒன்று, பண்பைக் கொள்வது வேறொன்று, பெயரைக் கொள்வது இன்னொன்று. மில்லும் ஃபிரேகவும் தர்க்கத்தால் பிரித்தவற்றைத் தமிழ் இலக்கணம் வாக்கிய அமைப்பிலேயே பிரித்துவைத்திருந்தது. எதிர்மறையிலும் இப்பிரிவு உண்டு. இருப்பை மறுக்க ‘இல்லை’, இன்னது என்பதை மறுக்க ‘அல்ல’.

இதை வைத்து நாம் பெருமை பேசி நின்றுவிடக் கூடாது. பேச்சுத் தமிழில் ‘அவர் டாக்டர் இல்லை’ என்கிறோம். ‘அல்லர்’ எழுத்துக்குள் ஒதுங்கிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் இரு வரிசைகள் கலந்ததற்கு இணையான மாற்றம் நம் வாயிலேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பொருள் வேறுபாடுகள் ஒன்றில் கலப்பது எந்த மொழிக்கும் நேரும்.

இழந்ததை மீட்ட வழக்குகள்

அப்படிக் கலந்தவை நிலையாகத் தொலைந்துவிடுவதும் இல்லை. பழைய ஆங்கிலம் இழந்த ‘இப்போது–எப்போதும்’ வேறுபாட்டைப் பிற்கால ஆங்கிலம் பெரும்பாலான வினைகளுக்குத் தொடர் நிகழ்காலத்தின் மூலம் மீட்டது. ‘படிக்கிறான்’ என்னும் வழக்கத்தையும் ‘படித்துக்கொண்டிருக்கிறான்’ என்னும் நிகழ்வையும் அது தெளிவாகப் பிரிக்கிறது. ஐரிஷ் மொழியில் வழக்கமாக இருப்பதற்குத் தனி வினைவடிவம் உண்டு. ஐரிஷ் மக்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘டஸ் பி’ என்ற அமைப்பு அதற்கு ஈடாக எழுந்தது.

இதைவிடத் தெளிவான சான்று ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆங்கிலம். அதில் ‘ஹி ஒர்க்கிங்’ என்றால் இப்போது வேலை செய்கிறான். ‘ஹி பி ஒர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலை செய்பவன். குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டிய ஆய்வு ஒன்று பலரும் அறிந்தது. தொலைக்காட்சித் தொடரின் ‘குக்கி மான்ஸ்டர்’ உடல்நலமின்றிப் படுத்திருக்க, அதே தொடரின் எல்மோ பிஸ்கட் தின்கிறது. ‘யார் பி ஈட்டிங்’ என்று கேட்டபோது, இவ்வழக்கு பேசும் குழந்தைகள் படுத்திருக்கும் குக்கி மான்ஸ்டரைக் காட்டினர். வழக்கமாகத் தின்பது அதுவல்லவா! அவர்கள் தவறு செய்யவில்லை. பொது ஆங்கிலத்தில் இல்லாத நுட்பமான இலக்கணத்தைக் கையாண்டார்கள். இவ்வழக்கின் தோற்றம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழைய ஆங்கிலத்தின் நேர் வாரிசு என்று இதைக் கொள்ள முடியாது. ஆனால் தேவை ஒன்றே.

வில்லியம் லபோவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வழக்கில் ‘இஸ்’, ‘ஆர்’ விடுபடுவதும் விதிக்கு உட்பட்டது என்று நிறுவியது. பொது ஆங்கிலம் எங்கே அவற்றைச் சுருக்கலாமோ அங்கேதான் இவர்கள் விடுகிறார்கள். சுருக்க முடியாத வாக்கிய இறுதியில் இவர்களும் விடுவதில்லை. 1979இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் வழக்கில், குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்து கற்பிக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. சோம்பலென்றும் அறியாமையென்றும் இகழப்பட்ட பேச்சு இலக்கணமுடையது என்பதை நிறுவுவதில், இந்தச் சிறிய வினைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் நிலைத்தது?

அரிதாக வழங்கும் ஒழுங்கற்ற வினை மறக்கப்பட்டு, பொதுவிதிக்குள் வந்துவிடும். அடிக்கடி வழங்குவது குழந்தையின் காதில் நாள்தோறும் விழுவதால் தப்பிவிடும். 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் இன்றும் ஒழுங்கற்றவையாக நிற்பவை 98. நூறு மடங்கு குறைவாக வழங்கும் வினை பத்து மடங்கு விரைவில் விதிக்கு வசப்படுகிறது என்று அது கணக்கிட்டது. எல்லாவற்றிலும் மிகுதியாக வழங்கும் ‘பி’ மாறாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. மக்கள் ஓயாமல் சொன்னதாலேயே பழமை காப்பாற்றப்பட்டது.

ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வகுப்பறையில் சொல்லக்கூடிய விடை இருக்கிறது. “இது ஒரு வினை இல்லையம்மா, மூன்று வினைகள். ‘ஆம்’, ‘இஸ்’ என்பவை உண்டு என்று சொல்ல வந்தவை, ‘பி’ ஆதலைச் சொல்ல வந்தது, ‘வாஸ்’, ‘வெர்’ வசித்தலைச் சொல்ல வந்தவை” என்று ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வரிசைகளாக எழுதிக் காட்டலாம். பக்கத்தில் ஆத்திகம், அனுபவம், வாசம் என்ற மூன்று சொற்களையும் எழுதலாம். தமிழ் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் அவை. இதைக் கற்பிக்கப் பத்து நிமிடம் போதும். மனப்பாடச் சுமை குறைவதோடு, வேறொரு பயனும் கிட்டும்: புரியாத இலக்கணத்துக்குப் பின்னால் காரணம் இருக்கும், அதைத் தேடலாம் என்ற நம்பிக்கை. மொழிக் கல்வி தர வேண்டியவற்றில் முதன்மையானது அந்த நம்பிக்கையே.